போனுக்கு வைத்த தண்ணீர்ச் சத்தம்

என் வீட்டுக்காரருடைய போன் வாரத்தில் மூன்று நாளாவது செத்துக் கிடக்கும். நான் உத்தமபாளையத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவரைக் கூப்பிட்டு, "சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா" என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அவருக்குப் பன்னிரண்டு வருசமாகச் சர்க்கரை. பகல் முழுக்கத் தோட்டத்தில் தனியாக இருக்கிறவர். திராட்சைப் பந்தலுக்குக் கீழே மயங்கி விழுந்தால் ரோட்டில் போகிற யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண்குரல், நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று நிதானமாகச் சொல்லும். அந்தப் பெண்ணை நான் திட்டாத திட்டு கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவரைத் திட்டுவேன். "சார்ஜ் போட்டுட்டுத்தான் குளிக்கப் போனேன். சார்ஜர் சரியில்ல" என்பார். புதுச் சார்ஜர் வாங்கினேன். அதுவும் சரியில்லை என்றார். இன்னொன்று வாங்கினேன். கம்பத்தில் போன் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானக்கா ஏறுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் கூப்பிடுவது தொல்லையாக இருக்கிறது, அதனால் வேண்டுமென்றே அணைத்து வைக்கிறார் என்று முடிவு கட்டினேன். முப்பது வருசம் ஒரே ஆளோடு குடித்தனம் நடத்தினால் இப்படிக் கோணலாகவும் யோசிக்கத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு லீவு. அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் போனை எடுத்துவந்து, டிவிக்குப் பக்கத்திலிருக்கும் பிளக்கில் தொங்கும் வயரைப் பிடித்து, அதன் முனையைக் கட்டைவிரலால் தடவி, போனின் அடியில் ஒரே முயற்சியில் சொருகினார். பிறகு சுவிட்சைத் தட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு விடிகாலையில் என் போனுக்குச் சார்ஜ் போட்டது நான். போனைக் கழற்றிய பிறகு சுவிட்சை அணைக்காமல் விடுவது என் பழக்கம், அதற்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் பழக்கம். ஏற்கெனவே போட்டிருந்த சுவிட்சை அவர் தட்டினார். அது அணைந்துபோனது.

எழுந்து போய்ப் பார்த்தேன். போன் இருட்டாகக் கிடந்தது. "கண்ணை எங்கன வச்சுக்கிட்டுத் தட்டுறீக" என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். என்னவோ கத்தவில்லை. திரும்பி வந்து வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர் குளித்துவிட்டு வந்து போனைக் கழற்றினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, வாசம் பிடிக்கிற மாதிரி ஒரு நிமிசம் வைத்திருந்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கெளம்பட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்துக் கேட்டார்.

சுவிட்சு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று விரலால் தடவினால் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் தடவுகிறவரை மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே. கண் நன்றாகத் தெரிகிற ஆள் எப்படிப் போகிறபோக்கில் தட்டிவிட்டுப் போவானோ, அப்படியேதான் அவரும் செய்தார்.

அன்றைக்கு அவர் கிளம்பிப் போன பிறகு வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்னத்தா போட்டுருக்கான்?" என்று என்னிடம் கேட்கிறார். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். முழங்கால் வலி என்று வண்டி ஓட்டுவதை விட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறார். வலி என்றால் தைலம் தேய்க்கச் சொல்லியிருக்க வேண்டுமே, ஒருநாளும் சொல்லவில்லை. சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காயைக் கரண்டியால் தேடுகிறார். இத்தனையையும் தினம் பார்த்துக்கொண்டிருந்த நான் மூன்று சார்ஜரைக் குறை சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம் அவருடைய அண்ணன். அவருக்கும் சர்க்கரையில்தான் கண் போனது. கண் மங்குகிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கே வீட்டில் கூடிப் பேசி, தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டார்கள். வெளியே போகாதீர்கள், இங்கே உட்காருங்கள், அங்கே உட்காருங்கள் என்றார்கள். எல்லாம் பாசத்தில்தான். நாங்கள் போய்ப் பார்த்தபோது அவர் கையை எடுத்துத் தட்டில் இருந்த சோற்றின்மேல் வைத்து, "இதுதான் சோறு" என்று யாரோ சொன்னார்கள். இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆகவே எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால், அவர் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வார், அவ்வளவுதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. மதுரைக்குக் கண்ணைக் காட்ட வர வேண்டும், அதுவும் அவராக வர வேண்டும். சர்க்கரையில் போகிற கண்ணுக்கு நாள் கடத்தக் கூடாது என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானோ எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

முதலில் சின்ன வேலையாகச் செய்தேன். விடிகாலையில் என் போனைக் கழற்றியதும் மறக்காமல் சுவிட்சை அணைத்து வைத்தேன். அவர் வந்து தட்டினால் சரியாக எரியும். ஒரு வாரம் அவர் போன் சாகவில்லை. எட்டாம் நாள் சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்குச் சீக்கிரம் கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டேன். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து கூப்பிட்டால் அந்தப் பெண்ணின் குரல். போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து பஸ் ஏறினேன். அவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் சத்தம் என்ற யோசனை வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்ணின் போன், சார்ஜர் மாட்டியதும் குழந்தை சிரிக்கிற மாதிரி சிரிக்கும். விளையாட்டுக்கு வைத்திருந்தாள். வயதுப் பிள்ளைகள் எல்லோரும் இப்படி ஏதாவது வைத்துக்கொள்கிறார்கள். இது கண் தெரியாதவர்களுக்கான ஏற்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. தொட்டதையெல்லாம் வாசித்துச் சொல்கிற வசதி ஒன்றும் போனில் இருக்கிறது. அதை வைத்தால் அவர் போனைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார். விளையாட்டுச் சத்தம் என்றால் மானம் போகாது.

படம் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அவர் போனை வாங்கிக்கொண்டேன். அமைப்புகளுக்குள் போய், ஒலி, அதிர்வு என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். சார்ஜ் ஏறும்போது சத்தம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. மாட்டிப் பார்த்தால் பல்லி சொன்ன மாதிரி ஒரு 'டொக்'. மின்விசிறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அதற்கென்று தனியாகக் கிடைக்கிற செயலி ஒன்றை இறக்கினேன். நிறுவியதும், உங்கள் தொடர்பு எண்களையெல்லாம் பார்க்கலாமா என்று கேட்டது. சார்ஜ் ஏறுகிறது என்று சொல்வதற்கு என் நாத்தனார் நம்பர் எதற்கு? தூக்கி எறிந்தேன். இரண்டாவது செயலி சத்தத்துக்கு முன்னால் சோப்பு விளம்பரம் போட்டது. அதையும் எறிந்தேன். கடைசியில் அந்தப் போனுக்குள்ளேயே ஒரு வசதி கிடைத்தது. இது நடந்தால் அதைச் செய் என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கினால் என்று தேர்ந்தெடுத்தேன். இரண்டாவதில் ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று தடவை தப்பாகப் போட்டு, நாலாவது தடவை சரியாக வந்தது. இருபத்தாறு வருசம் தட்டச்சு செய்த கைக்கு அது ஒரு சாதனைதான்.

முதலில் போனிலேயே இருந்த ஒரு மணிச் சத்தம்தான் வைத்தேன். மறுநாள் அவர் மாட்டி, சுவிட்சைத் தட்டியதும் டிங்டிங் என்று கிணுகிணுத்தது. திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார்.

"ஏத்தா, வீட்டுக்குள்ள ஐஸ் வண்டி வந்துருச்சா?"

"இப்பல்லாம் எல்லாரும் வச்சுருக்காக. ஆபீசுல பார்த்தேன், நல்லா இருந்துச்சு. ஒங்களுக்கும் வச்சேன்."

"எனக்கு எதுக்கு இந்தக் கூத்து" என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போனார். எடுத்துவிடு என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான் வேண்டுமென்றே சுவிட்சைப் போட்டபடி விட்டு, அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டினார். சத்தம் வரவில்லை. கையைச் சுவிட்சிலேயே வைத்தபடி கொஞ்சம் நின்றார். மறுபடி தட்டினார். கிணுகிணுத்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். அன்றைக்குத் தோசையில் நெய்யைக் கூடவே ஊற்றிவிட்டேன். அவருக்கு நெய் கூடாது என்று பிறகுதான் உறைத்தது.

ஒரு வாரம் போனதும் அவரே பேச்சை எடுத்தார். "வைக்கிறதுதான் வைக்கிற, நம்ம சத்தமா ஒண்ணு வையி. இது டிவிலயும் அடிக்குது, பக்கத்து வீட்டுலயும் அடிக்குது. எது எதுன்னு தெரியல."

நம்ம சத்தம் என்றால் எது என்று நான் யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. ஆழ்குழாயில் மோட்டார் எடுத்ததும் குழாய் இரண்டு தடவை காற்றைக் கக்கும். பிறகு ஒரு பெரிய இருமலோடு தண்ணீர் தொட்டியில் விழும். வெயிலில் பந்தலுக்கடியில் குனிந்து நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் அவர் முகமே மாறிவிடும். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு நிமிசத்துக்கு அதைப் பதிவு செய்தேன். காற்றுக் கக்குவதிலிருந்து அப்படியே வந்தது. வீட்டில் மாட்டிக் காட்டியதும், அவர் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்று ஒரு நிமிசம் முழுக்கக் கேட்டார். "ரெண்டாவது கக்கு நம்ம கொழாயேதான்" என்றார். இத்தனை வருசத்தில் நான் வாங்கிக் கொடுத்த எந்தச் சட்டைக்கும் அந்த முகத்தை அவர் காட்டியதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒருநாள்கூட அவர் போன் அணையவில்லை. மத்தியானம் கூப்பிட்டால் இரண்டாவது மணியில் எடுத்தார். தோட்டத்து மோட்டார் ரூமிலும் ஒரு சார்ஜரை மாட்டி, போனின் ஒலியை முழுக்கக் கூட்டி அலமாரித் தட்டில் வைத்துவிட்டு வேலை பார்க்க ஆரம்பித்தார். அங்கேதான் என் புத்திசாலித்தனம் பல்லைக் காட்டியது.

தோட்டத்துக்கு மோட்டார் ஓடுகிற மூன்று பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். மற்ற நேரத்தில் ஒரு பேஸ் மட்டும் இருக்கும், சில சமயம் அதுவும் போய்ப் போய் வரும். ஒரு பேஸில் பல்பு எரியும், போன் சார்ஜ் ஏறும், மோட்டார் ஓடாது. கரண்ட் வந்துவிட்டதா என்று எங்கள் பக்கத்தில் யாரும் போய்ப் பல்பைப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஓடிப்போய் அவரவர் ஸ்டார்ட்டரை அமுக்குவார்கள். எங்கள் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர், மூன்று பேஸ் வந்ததும் தானாக எடுத்துக்கொள்ளும். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும், தண்ணீர்ச் சத்தத்தைப் போனில் வைத்து மோட்டார் ரூமுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது நடந்தது. போன் சார்ஜரில் கிடந்திருக்கிறது. கரண்ட் மொத்தமாகப் போய், ஒரு பேஸ் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. போன் காற்றைக் கக்கி, இருமி, தொட்டியில் தண்ணீர் கொட்டியிருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர், அவருடைய வண்டியில்தான் இவர் போய்வருவார், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அமுக்கியிருக்கிறார். அது பிடிக்கவில்லை. மூன்று தடவை அமுக்கியும் பிடிக்கவில்லை. தன் மோட்டார் கருகிவிட்டது என்று பதறி, எங்களுடையது மட்டும் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேலியைத் தாண்டி வந்திருக்கிறார். தொட்டி காய்ந்து கிடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் தெரு முனையில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். முதலில் மோட்டார் கதையைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை அவருக்கு.

"மதினி, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. அண்ணன் கடேசி வாய்க்கால்ல மம்பட்டிய ஊனிக்கிட்டு நிக்கிறாக. நல்ல வெயிலு. 'என்னண்ணே காஞ்ச வாய்க்கால்ல நிக்கிறீக'ன்னு கேட்டேன். 'தண்ணி வந்துக்கிட்டு இருக்குல்ல, மடை மாத்தணும்'ங்குறாக. வாய்க்கால் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு மதினி, அவுக கால் அதுலதான் இருக்கு. முக்கா மணி நேரமா அங்கனயே நின்னுருக்காக."

"நீங்க என்ன சொன்னீக, தம்பி?"

"என்னத்தச் சொல்ல? கரண்டு போயிருச்சுண்ணே, வாங்கன்னு கையப் பிடிச்சேன். ஒதறிட்டாக. ஆனா வண்டில ஏறுனப்ப அழுதாக மதினி. முதுகுல ஈரம் பட்டுச்சு."

ஊரார் முன்னால் அவர் குறைந்துவிடக் கூடாது என்று நான் சுற்றி வளைத்து இவ்வளவும் செய்தேன். கடைசியில் தினம் வண்டியில் கூட்டிப்போகிற ஆள் முன்னாலேயே அவரைக் காய்ந்த வாய்க்காலில் நிறுத்திவிட்டேன். தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அவர் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. நான் பையைக்கூட வைக்காமல் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாம் என்னாலதான். அந்தச் சத்தத்த வச்சது நான்தான்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அவர் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். பிறகு, "எப்பத்துலருந்து தெரியும் ஒனக்கு?" என்று கேட்டார்.

"போட்ட சுவிச்ச நீங்க அமத்துனீகள்ல, அந்த ஞாயித்துக்கெழமைலருந்து."

"அப்ப ஐஸ் வண்டியும் அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

"நானும் நெனச்சேன். ஆபீசுல பார்த்து ஆசப்பட்டு வைக்கிற ஆளா நீ" என்று சொல்லிவிட்டு, என் தலையில் கை வைத்தார். கை முதலில் தோளில்தான் விழுந்தது, பிறகு மேலே வந்தது. இடது கண் சுத்தமாக இல்லை என்றார். வலது கண்ணில் கரி பறக்கிற மாதிரி இருக்கிறது, வெயிலில் கொஞ்சம் தெரியும், நிழலில் ஒன்றும் தெரியாது என்றார். எட்டு மாதமாம். எட்டு மாதமாகப் பந்தலுக்கடியில் கொத்துகளைக் கையால் எண்ணி, பூச்சி விழுந்த பழத்தை மோந்து பார்த்துக் கிள்ளிப்போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் திட்டும் வாங்கியிருக்கிறார்.

"சொல்லிருக்கலாம்ல என்கிட்ட?"

"சொன்னா தோட்டத்தக் குத்தகைக்கு விடச் சொல்லுவ. என்னைய இந்தக் கட்டில்ல ஒக்கார வச்சு, கையத் தூக்கிச் சோத்துல வைப்ப."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அழுகையைத் துடைத்துவிட்டு எழுந்தேன். "இங்க பாருங்க. மதுரைக்கு எங்கூட வந்து கண்ணக் காட்டுனீகன்னா, யாரு சொன்னாலும் தோட்டத்த விட மாட்டேன். வரலைன்னா நாளைக்கே நான் போயி குத்தகைக்கு ஆளப் பார்த்துருவேன். சோத்துலயும் கைய எடுத்து வைப்பேன், பார்த்துக்கங்க."

"செஞ்சாலும் செய்வ" என்றார். பிறகு, "என்னைக்குப் போறது?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். வியாழக்கிழமை மருந்து அடிக்க வேண்டும், வெள்ளி சரிதான் என்றார்.

மறுநாள் காலையில் தண்ணீர்ச் சத்தத்தை எடுத்தோம். முதல் தடவையாக அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். மாட்டினால் ஒன்று வேண்டும், நிறைந்தால் ஒன்று வேண்டும், கழன்றுபோனாலும் ஒன்று வேண்டும் என்றார். எல்லாம் என் குரலிலேயே இருக்கட்டும் என்றார். "மோட்டார் மாதிரி நீயும் எங்கன நின்னாலும் கேப்ப, ஆனா ஒன்னயத் தண்ணின்னு யாரும் நெனைக்க மாட்டான்." நான் போனை வாயருகே வைத்து, மின்னேற்றம் தொடங்கியது என்று செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னேன். "யாரு இது? ஒழுங்காப் பேசு" என்றார். மறுபடி பதிவு செய்தேன். தெருவில் மீன்காரர் குறுக்கே வந்தார். மறுபடி செய்தேன். நாலாவது தடவை, "மாட்டியாச்சு, போயி வேலையப் பாருங்க" என்று நான் சொல்லி முடிக்கவும் குக்கர் விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. அதையே வைக்கச் சொன்னார். விசிலோடு வேண்டும் என்றார். இப்போதும் மோட்டார் ரூமில் அது விசிலோடுதான் கேட்கிறது. முதல் நாள் பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மதினி வந்துருக்காகளா?" என்று கேட்டுவிட்டு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டாராம்.

மதுரையில் மருத்துவர் சொன்னதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இடது கண் திரும்பாது. வலது கண்ணில் இருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றி வைக்கலாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், இன்னும் நாலு மாதம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். ஊசிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறோம். தோட்டம் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நாளில் மனதில் நிற்பது மருத்துவர் அறை இல்லை. அதற்கு முன்னால், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிற அறை.

அங்கே வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று என் பக்கம் குனிந்து, "ஒரு விசயம் சொல்றேன், திட்டக் கூடாது" என்றார். ஆறு மாதத்துக்கு முன்னால் சின்னமனூரில் நடந்த இலவசக் கண் முகாமில், கண் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்றாரே, அது பொய்யாம். தனக்கு முன்னால் நின்ற ஆள் படித்ததைக் காதால் வாங்கி, அப்படியே ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார். அதை நம்பி நான் கோயிலில் தேங்காய் உடைத்திருந்தேன். திட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால் வாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு முன்னால் ஓர் அம்மாவை உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூட டீச்சராக இருக்க வேண்டும். அறை முழுக்கக் கேட்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தாக, கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் பக்கவாட்டில் பார்த்தேன். இவர் தலை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. கிள்ளலாமா, எழுந்துபோய் பலகைக்குப் பக்கத்தில் நின்ற நர்சுப் பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். இரண்டும் செய்யவில்லை. அவராகச் செய்ய வேண்டிய காரியம் அது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணை மறைத்துவிட்டு, படிங்கய்யா என்றாள் அந்தப் பெண். நான் நாற்காலிக்கு வலது பக்கம் நின்றேன். பலகைக்குப் பின்னால் பளிச்சென்று விளக்கு எரிந்தது. மேலே இருந்த பெரிய எழுத்தைச் சொன்னார். அடுத்த வரியில் இரண்டு எழுத்தைத் திக்கித் திக்கிச் சொன்னார். நிறுத்தினார்.

"அடுத்த வரிங்கய்யா."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். "மனப்பாடமாத் தெரியும்மா" என்றார். "கண்ணுக்குத் தெரியல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் வலது கண்ணை மறைத்தாள். அவருக்கு அந்த நிமிசத்தில் ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். பெரிய எழுத்து தெரிகிறதா என்று கேட்டாள். "தெரியல" என்றார். என் கை எத்தனை விரல் என்று கேட்டாள். "தெரியல" என்றார். வெளிச்சமாவது தெரிகிறதா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதுவும் தெரியலம்மா" என்றார். எத்தனையோ நாளாக நான் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்த வார்த்தை அதுதான். அது வரவர, போதும் நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது.

அப்போது அவர் எனக்காகக் கையை நீட்டினார். முப்பது வருசத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்ததில்லை. இடது பக்கமாக நீட்டினார். அங்கே சுவர்தான் இருந்தது. நான் செருப்புச் சத்தம் கேட்காமல் நாற்காலிக்குப் பின்னால் சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்று, என் கையைக் கொடுத்தேன்.